சொல்வதை எழுதுதலுக்குக் குதிரை பற்றிய பத்திகள்: எங்கிருந்து எடுப்பது?

கேள்வி

ஏழாம் வகுப்புக்கு வாரம் இரண்டு முறை சொல்வதை எழுதுதல். வகுப்பில் பாதிப் பேருக்குக் குதிரை என்றால் உயிர். ஆனால் ‘குதிரை ஒரு வீட்டு விலங்கு, அதற்கு நான்கு கால்கள்’ என்று தொடங்கினாலே முகம் வாடிவிடுகிறது. கலைக்களஞ்சியத்திலிருந்து எடுத்தால் ஒரு வாக்கியமே இருபது சொல் ஓடுகிறது. ல, ள, ழ பயிற்சியும் வேண்டும், கேட்கச் சுவையாகவும் இருக்க வேண்டும். வழி சொல்லுங்கள்.

பதில் 1

குதிரைப் பராமரிப்புக் கையேடுகளில் தேடுங்கள். ஒரு செய்தியை மட்டும் எடுத்துக்கொண்டு பத்தியை நீங்களே எழுதிவிடுவது நல்லது. குளம்பு ஒன்றே ஒரு வாரத்துக்குப் போதும்:

“குதிரையின் குளம்பு நம் நகம் போன்றது. மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். அதனால் ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை லாடத்தைக் கழற்றி, வளர்ந்த விளிம்பை வெட்டி, மறுபடி அடிப்பார்கள். நரம்பில்லாத வெளிச்சுவரில் ஆணி இறங்குவதால் குதிரைக்கு வலிக்காது.”

குளம்பும் குழம்பும் பலர் வாயில் ஒன்றாகத்தான் ஒலிக்கும். பொருளை வைத்துத்தான் பிள்ளைகள் எழுத்தைப் பிடிக்க வேண்டும். அதற்காகவே ‘நகம்’ என்ற சொல்லைப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். வால்/வாள், புல்/புள், பரி/பறி எல்லாவற்றுக்கும் இதே முறை. உளை (பிடரி மயிர்), உலை, உழை மூன்றையும் ஒரே பத்தியில் திணித்தால் அது விடுகதையாகிவிடும். பத்திக்கு ஒரு இணை போதும்.

பதில் 2

ஒற்றுக்கும் குதிரை அருமையான சொல். குதிரைச் சவாரி, குதிரைப் பந்தயம், குதிரைக் குட்டி: இங்கெல்லாம் மிகும். குதிரை பாய்ந்தது, குதிரை கனைத்தது: எழுவாய், மிகாது. குதிரையைத் தட்டினான், குதிரைக்குப் புல் வைத்தான்: மிகும். குதிரையின் கால்: மிகாது. நான்கு வகையும் ஒரே பத்தியில் இயல்பாகவே வந்துவிடும்.

வாசிக்கும்போது கவனம் தேவை. ‘குதிரைப்’ என்று நிறுத்தி ‘பந்தயம்’ என்று தொடர்ந்தால் ஒற்று காதில் விழாது. அந்த இரண்டு சொல்லும் ஒரே மூச்சில் வர வேண்டும். சோதிக்கும் சொல்லில் மட்டும் ழகரத்தை இழுத்து அழுத்துவதும் தவறு. விடையைச் சொல்லிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

ஏழாம் வகுப்புக்கு 60 முதல் 70 சொல் போதும். முதலில் பேனாவைக் கீழே வைக்கச் சொல்லி முழுவதும் வாசியுங்கள். அடுத்து மூன்று நான்கு சொற்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் இரண்டு முறை. கடைசியில் நிறுத்தற்குறிக்காக ஒருமுறை முழுவதும். லாடமா, இலாடமா என்பதையும் எண்ணை எழுத்தால் எழுத வேண்டுமா என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள்; திருத்தும்போது வாக்குவாதம் வராது.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. ‘குதிரை எப்போதும் நின்றுகொண்டேதான் தூங்கும்’ என்று ஒரு பத்தி எழுதி வைத்திருக்கிறேன். சரிதானே?

பதில் 3

‘எப்போதும்’ என்பதை எடுத்துவிடுங்கள். கால் மூட்டுகளைப் பூட்டிக்கொள்ளும் தசைநார் அமைப்பு இருப்பதால் நின்றபடி கண்ணயரும். ஆனால் கனவு வரும் ஆழ்ந்த உறக்கத்துக்குப் படுத்தே ஆக வேண்டும். பிள்ளைகள் எழுத்து எழுத்தாக மனத்தில் பதித்துக்கொள்ளும் பத்தி இது. தகவல் பிழை இருந்தால் அதுவும் சேர்ந்து பதிந்துவிடும். குதிரையால் வாய் வழியாக மூச்சு விட முடியாது, வாந்தி எடுக்கவும் முடியாது. இவை இரண்டும் நல்ல பத்திகளாகும்.

கதை போல வேண்டுமானால் 1878: ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழுகின்றனவா என்று பார்க்க, கலிபோர்னியாவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக் கலைஞர் 12 கேமராக்களை வரிசையாக வைத்துப் படம் எடுத்தார். எழுகின்றன. ஆனால் ஓவியர்கள் வரைந்ததுபோல் கால்கள் முன்னும் பின்னும் நீண்டிருக்கும்போது அல்ல. வயிற்றுக்கு அடியில் மடங்கியிருக்கும்போது. இதை இரண்டாகப் பிரித்து, கேள்வியோடு முதல் வகுப்பை முடித்துவிடுங்கள். விடை அடுத்த வகுப்பில்.