அன்னாவின் கறுப்பு மேற்சட்டை: பூவைத் தைப்பதா, தீட்டுவதா?

கேள்வி:
ஒஸ்லோவிலிருந்து எழுதுகிறேன். ஏழு வயது மகளுக்கு ‘ஃப்ரோசன்’ படத்தில் எல்சாவின் தங்கை அன்னா போடும் பயண உடை வேண்டுமாம். நீலப் பாவாடையும் மெஜந்தா மேலங்கியும் முடிந்தன. கறுப்பு மேற்சட்டைதான் உயிரை வாங்குகிறது. மெல்லிய பாலியெஸ்டரில் பூத்தையல் போட்டேன்; பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்துவிட்டது. அவிழ்த்தால் ஊசித் துளைகள். பேசாமல் தீட்டிவிடட்டுமா?

பதில் 1:
தாராளமாக. அந்தப் பூக்கொடி ‘ரோசெமாலிங்’. 18ஆம் நூற்றாண்டில் நார்வே கிராமங்களில் மரப்பெட்டிகளிலும் சுவர்களிலும் தீட்டியதுதான். ஆங்கில ‘சி’, ‘எஸ்’ போல வளையும் கொடியை முதலில் சாக்குக்கட்டியால் போடுங்கள், பூ தானாக இடம் பிடிக்கும்.

பதில் 2:
துணிதான் பிரச்சினை, உங்கள் கை இல்லை. மே 17 தேசிய நாள் ஊர்வலத்தில் ‘புனாட்’ என்ற நார்வே மரபுடை உடுத்தியவர்களைப் பார்த்திருப்பீர்களே, பலவற்றில் கம்பளித் துணிமேல் கம்பளி நூலால்தான் பூ. அடர்த்தியான துணி நூலைத் தாங்கும். வெட்டுமுன்பே, சட்டகத்தில் மாட்டித் தையுங்கள். வெட்டிய ஓரம் இழுபடும். உள்ளே பருத்தித் துணி வையுங்கள், பிள்ளைக்கு அரிக்காது.

கேள்வி கேட்டவர்:
நன்றி அக்கா! என் பழைய கம்பளிக் கோட்டை வெட்டிவிட்டேன். (கணவரிடம் இன்னும் சொல்லவில்லை.) நெஞ்சுப் பகுதியில் மட்டும் தையல், பாவாடை ஓரத்தில் துணிச்சாயம். மூன்று இரவு போனது. போட்டுப் பார்த்தவள் கேட்கிறாள்: “அம்மா, எல்சாவின் உடை எப்போது?”