செட்டாப் பாக்ஸில் பதிந்த நிகழ்ச்சியை லேப்டாப்புக்கு மாற்றுவது எப்படி? உதவி தேவை

நாகர்கோவில்காரி:
வணக்கம். அம்மாவின் வில்லுப்பாட்டுக் குழு பொதிகையில் பாடிய ஒரு மணி நேர நிகழ்ச்சியை, டிடிஎச் செட்டாப் பாக்ஸில் பென் டிரைவ் செருகிப் பதிந்து வைத்திருக்கிறோம். 2024 ஜனவரியில் பொதிகை 'டிடி தமிழ்' ஆனதே, அதற்கு முந்தைய நிகழ்ச்சி. இப்போது பாக்ஸ் அடிக்கடி தானாக அணைந்து அணைந்து வருகிறது. பென் டிரைவை லேப்டாப்பில் போட்டால் ஃபார்மட் செய்யவா என்று கேட்கிறது. பழைய பாக்ஸைக் கொடுத்துவிட்டுப் புதிது வாங்கச் சொல்கிறார்கள். புதியதில் இது ஓடுமா? குடம் அடித்த மாமா இப்போது உயிரோடு இல்லை. அவர் வாசித்ததற்கு வேறு பதிவும் இல்லை.

கேபிள் ராஜா:
தங்கச்சி, முதலில் ஒன்று. ஃபார்மட் கொடுத்துவிடாதீர்கள், பாக்ஸையும் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். டிடிஎச் பாக்ஸ் பதியும்போதே பூட்டித்தான் பதியும். அந்தப் பூட்டின் சாவி உங்கள் பாக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. அதே மாடலில் வேறு பாக்ஸ் வாங்கினாலும் ஓடாது. ரீசார்ஜையும் விட்டுவிடாதீர்கள், கணக்கு நின்றால் பல பாக்ஸ்களில் பழைய பதிவும் திறக்காது.

அணைந்து வருவதற்குப் பெரும்பாலும் அடாப்டர்தான் காரணம். பென் டிரைவும் சேர்ந்து கரண்ட் இழுத்தால் தாங்காது. பழைய அடாப்டரில் எழுதியிருக்கும் அதே வோல்ட், அதே ஆம்பியரில் புதியது வாங்கிப் போட்டுப் பாருங்கள்.

மதுரை பையன்:
டிவிக்குப் போகும் எச்டிஎம்ஐ வயரின் படத்தை லேப்டாப்புக்குள் வாங்கும் கேப்சர் கார்டு போட்டு எடுத்துவிடலாமே?

கேபிள் ராஜா:
இல்லை தம்பி. எச்டிஎம்ஐ வழியாகப் போகும் படத்துக்கு எச்டிசிபி என்ற காப்பு உண்டு. கார்டில் கருப்புத் திரைதான் வரும். பாக்ஸின் பின்னால் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஏவி வயர் செருகும் இடம் இருக்கும், அதுதான் வழி. யூஎஸ்பி ஏவி கேப்சர் கார்டு வாங்கி, லேப்டாப்பில் ஓபிஎஸ் என்ற இலவசப் பதிவு மென்பொருளைப் போட்டு, பாக்ஸில் நிகழ்ச்சியை ஓடவிட்டுப் பதியுங்கள். ஒரு மணி நேர நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரம் ஆகும். படம் கெட்டுவிடுமோ என்று கவலை வேண்டாம். உங்கள் பதிவு எஸ்டி, அதாவது எச்டி அல்லாத சாதாரண சேனலில் எடுத்ததுதானே? 720க்கு 576 புள்ளி அளவில் ஏவி வயரில் பெரிதாக எதுவும் இழக்காது.

எம்கேவி ஃபைலாகப் பதியுங்கள். நடுவில் கரண்ட் போனாலும் அதுவரை பதிந்தது தப்பிக்கும்.

நாகர்கோவில்காரி:
அடாப்டர் மாற்றியதும் பாக்ஸ் நிற்காமல் ஓடுகிறது, ரொம்ப நன்றி அண்ணா! ஆனால் லேப்டாப்பில் படம் கருப்பு வெள்ளையாக, மேலும் கீழும் உருள்கிறது. சத்தமும் இல்லை.

சிவகாசி டெக்:
கார்டு அமெரிக்க முறையான என்டிஎஸ்சியில் இருக்கிறது. ஓபிஎஸ்ஸில் அந்த வீடியோ சோர்ஸின் செட்டிங்கில் பிஏஎல்-பி (PAL_B) என்று மாற்றுங்கள், நம் ஊர் முறை அதுதான். சத்தத்துக்கு அந்தக் கார்டின் பெயரையே ஆடியோ இன்புட்டாகத் தனியாகச் சேர்க்க வேண்டும். ஆட்கள் அசையும்போது சீப்புப் பல் மாதிரி கோடு தெரிந்தால், சோர்ஸை ரைட் கிளிக் செய்து டீஇன்டர்லேசிங்கில் யாடிஃப் 2எக்ஸ் வையுங்கள்.

முதலில் இரண்டு நிமிடம் மட்டும் பதிந்து கேட்டுப் பாருங்கள். உடுக்கைச் சத்தம் வெடித்தால் ஆடியோ அளவைக் குறையுங்கள். வெடித்துப் பதிந்த சத்தத்தைப் பிறகு சரிசெய்ய முடியாது.

நாகர்கோவில்காரி:
வந்துவிட்டது! கலரும் சத்தமும் தெளிவாக இருக்கிறது. முழுவதும் பதிந்துவிட்டேன். குழுவில் இருந்தவர்களுக்கு வாட்ஸாப்பில் அனுப்பலாமா?

சிவகாசி டெக்:
அனுப்பலாம். ஓபிஎஸ் மெனுவில் ரீமக்ஸ் கொடுத்தால் எம்பி4 ஆகிவிடும், எல்லோர் போனிலும் ஓடும். வீடியோவாக அனுப்பினால் வாட்ஸாப் படத்தை நசுக்கிவிடும், அதனால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். 2 ஜிபிக்கு மேல் போனால் இரண்டாக வெட்டிக்கொள்ளுங்கள். அந்த எம்கேவியை இன்னொரு ஹார்ட் டிஸ்கிலும் இன்றைக்கே போட்டுவிடுங்கள்.