சோழர் வரலாற்று நூல்களின் அடிக்குறிப்பிலிருந்து கல்வெட்டு வாசகத்தைப் பிடிப்பது எப்படி?

பொன்னிக்கரை:
நீலகண்ட சாஸ்திரியாரின் சோழர் வரலாற்றைக் கல்வெட்டுகளோடு ஒப்பிட்டுப் படிக்கிறேன். பல அடிக்குறிப்புகளில் ஓர் எண்ணும் 1907 போல ஓர் ஆண்டும் மட்டுமே உள்ளன. வாசகத்தை எங்கே தேடுவது? பிறர் தரும் பக்க எண்களும் என் பிரதியோடு பொருந்தவில்லை.

மசிப்படி:
அது கல்வெட்டைப் படியெடுத்த ஆண்டு, கல்வெட்டின் காலம் அல்ல. முதலில் கல்வெட்டு ஆண்டறிக்கையில் அந்த எண்ணைப் பாருங்கள். ஊர், மன்னன், ஆட்சியாண்டு, சில வரிச் சுருக்கம் இருக்கும். சுருக்கத்தை மட்டும் நம்பி எழுதிவிடாதீர்கள். நில அளவும் ஆட்பெயர்களும் பெரும்பாலும் அதில் விடுபட்டிருக்கும். முழு வாசகம் ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ (South Indian Inscriptions) என்ற நூல் வரிசையின் தொகுதிகளில். அங்கே தலைப்பை ஒட்டி ஆண்டறிக்கை எண்ணும் அச்சாகியிருக்கும், அதைக் கொண்டு உறுதி செய்யுங்கள். இன்னும் அச்சேறாதவை ஏராளம். அவற்றுக்குச் சுருக்கம்தான் கதி.

பக்க எண் சிக்கலுக்குக் காரணம் பதிப்பு. முதற்பதிப்பு 1935, 1937இல் இரு பகுதிகளாக வந்தது; திருத்திய பதிப்பு 1955. மேற்கோளில் பதிப்பாண்டையும் சேர்த்தே எழுதுங்கள்.

கோப்பரகேசரி:
ஆட்சியாண்டைக் கூட்டும்போது ஒன்றைக் கழிக்க மறக்காதீர்கள். முதலாம் இராசராசன் பட்டமேற்றது 985 நடுவில். ஆகவே 29ஆவது ஆண்டு 1013–14.

இதைவிடப் பெரிய குழி, மன்னனின் இயற்பெயர் இன்றி வெறும் ‘கோப்பரகேசரி’ என்று நிற்கும் கல்வெட்டுகள். சோழ மன்னர்கள் இராசகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாறி மாறிச் சூடினார்கள். முதலாம் பராந்தகனும் பரகேசரி, உத்தம சோழனும் பரகேசரி. ஆள் மாறினால் அறுபது ஆண்டுக்கு மேல் பிசகும். ‘மதிரை கொண்ட’ (மதுரையை வென்ற) என்ற அடைமொழி இருந்தால் பராந்தகன். இல்லையென்றால் எழுத்தமைதி, அதே கோயிலின் மற்றக் கல்வெட்டுகள், அவற்றில் வரும் அதிகாரிகளின் பெயர்கள் என்று பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும். 13ஆம் தொகுதியில் இராசகேசரி, 19இல் பரகேசரி கல்வெட்டுகள் சேர்ந்தே இருப்பதால் ஒப்பிடுவது எளிது.

மசிப்படி:
பழகுவதற்கு 2ஆம் தொகுதியின் 66ஆம் எண்ணை எடுங்கள். ஆங்கில மொழிபெயர்ப்பும் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலின் தளிச்சேரிப் பெண்டுகள் (கோயில் ஆடல் மகளிர்) 400 பேரின் பட்டியல் அது. எந்தச் சிறகு (தெருவின் வீட்டு வரிசை), எத்தனையாம் வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், பெயர், பங்கு என்று வரிசை தவறாமல் போகும். பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு நெல் நூறு கலம். அந்த ஊர்ப்பெயர்களை மட்டும் தனியே எழுதி வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். எந்தெந்தக் கோயில்களிலிருந்து ஆடல் மகளிர் தஞ்சைக்கு வந்தார்கள் என்பது கண்முன்னே விரியும்.