இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்கு "முளைவேர்"னு வச்சா என்ன?

வணக்கமுங்க. லினக்ஸ் கம்ப்யூட்டர் ஆன் ஆகறப்ப மொதல்ல ராமுக்குள்ள ஏறுற இனிட்ராம்எஃப்எஸ்ங்கற (initramfs) குட்டி ஃபைல் மூட்டைக்கு தமிழ்ல பேரு தேடறோம்ல, அதப் பத்திதான். நேத்து செவ்வாய்ப்பேட்டை கடைக்காரர் ஒருத்தர் பழைய லேப்டாப்ப தூக்கிட்டு வந்தாரு, பேட்டரி செத்து ரொம்ப நாளாச்சு, வயர்லயே ஓடுது, மழைக்கு கரண்டு போனதும் பொட்டுனு ஆஃப் ஆயிருக்கு, மறுபடி போட்டா கருப்புத் திரையில அடைப்புக்குறிக்குள்ள இனிட்ராம்எஃப்எஸ்னு மட்டும் நிக்குது. "தம்பி, கணக்கெல்லாம் போச்சா?"ங்கறாரு. போகலீங்க. எக்ஸிட்னு அடிச்சதும் எந்த பார்ட்டிஷன்ல கோளாறுன்னு அதுவே சொல்லுச்சு, எஃப்எஸ்சிகேன்னு (fsck) ஃபைல் சிஸ்டத்த சரிபண்ற கமாண்ட ஓட்டி, கேட்டதுக்கெல்லாம் ஒய் (y, ஆமான்னு) அடிச்சு ரீபூட் பண்ணேன், வந்துருச்சு. (டிஸ்க்கே கடகடன்னா அப்படி அடிக்காதீங்க, மொதல்ல காப்பி எடுங்க.) ஆனா என்ன ஆச்சுன்னு அவருக்கு சொல்லத்தான் வார்த்தை இல்ல.

இதுக்குத் தமிழ்ச் சொல்லா போன வாரம் வந்த "தொடக்க நினைவகக் கோப்பு முறைமை" அர்த்தம் சரிதான், அத சொல்லி முடிக்கறதுக்குள்ள மெஷினே பூட் ஆயிடும். வேலை என்னன்னு பாருங்க: க்ரப்ங்கற பூட் புரோகிராம், லினக்ஸோட மையமான கெர்னலோட இந்தக் குட்டி மூட்டையையும் ராமுக்குள்ள ஏத்துது, கெர்னல் அத பிரிச்சு தற்காலிகமா அதையே ரூட்டா (எல்லா ஃபோல்டருக்கும் அடியா) வச்சுக்குது, அதுல இருக்கற டிரைவர வச்சு ஹார்டுடிஸ்க்க கண்டுபிடிச்சு நிஜ ரூட்ட மவுண்ட் பண்ணதும் (இணைச்சதும்) இது எடத்த காலி பண்ணிடுது. நிஜ ரூட் கிடைக்கலன்னாதான் நம்ம கண்ணுலயே படும். ரூட்டுக்கு வேர்ங்கறோம், அப்ப விதைல மொத மொத வர்றது முளைவேர்தானே? இதுக்கு ஒரு அண்ணன் போட்ட பதில்:

> ஏற்காட்டுல இருந்து எழுதறேன். காப்பி நாத்துல முளைவேர்தான் ஆணிவேரா எறங்கும், காணாமப் போகாது. இடிக்குதே தம்பி. "சாரம்"னு வைங்க, கட்டடம் எழும்புனதும் பிரிச்சுடுவாங்க.

அண்ணா, காப்பிக்கு நீங்க சொல்றது சரி. நெல்லு, தென்னைய பாருங்க, முளைவேர் சீக்கிரமே நின்னுபோயி சல்லிவேர் வந்துடும். உங்க காப்பிச்செடி கணக்காவும் உண்டுங்ணா, சில சின்னக் கருவிகள்ல இனிட்ராம்எஃப்எஸ்ஸே கடைசிவரை ரூட்டா இருந்துடுது. சாரம்னா கொத்தனாருக்கும் புரியும், எனக்கும் ஆசைதான், ஆனா கட்டுரையோட சாரம்னு ஒண்ணு ஏற்கனவே ஓடுது, வேர்ங்கறதும் விட்டுப்போகுது.

கடைக்காரருக்கு ஃபோன் போட்டு "முளைவேரோட நின்னுபோச்சு, அவ்வளவுதான்"னேன். "அப்ப செடி சாகலல்ல?"ன்னாரு. எனக்கு அது போதும்.

ஒண்ணே ஒண்ணு பாக்கி. உபுண்டுல பூட் ஃபோல்டருக்குள்ள ஃபைல் பேரு இன்னும் பழைய இனிட்ஆர்டிதான் (initrd, இதே வேலைக்கு முன்னாடி இருந்த முறை), உள்ள இருக்கறது இனிட்ராம்எஃப்எஸ். ரெண்டுக்கும் ஒரே சொல் போட்டுடலாமா, இல்ல பழசுக்குத் தனியா வேணுமா?