கற்பனை உலகத்துக்கும் நாவலுக்கும் பெயர்: யாருக்கும் நினைவில் நிற்கவில்லை, உதவி தேவை

காசிமேட்டுக் கரை கேட்டது:

மாயப்புனைவு நாவல், எழுதி முடித்தாயிற்று. டெமி என்கிற நூல் அளவில் 300 பக்கம் வரும். உப்பளமும் கழிமுகமும் சூழ்ந்த ஓர் உலகம். அமாவாசைதோறும் ஓதம், அதாவது கடல் ஏற்றம், ஏறி வந்து வீட்டுக்கு ஒருவர் பெயரைக் கொண்டுபோகும். பெயர் போனவரை ஊரே மறந்துவிடும். அந்தக் கணக்கை எழுதுகிற பெண்தான் நாயகி.

உலகத்தின் பெயர் ஸ்ரெல்டோரா, தலைநகரம் சோமாரா, தலைப்பு 'ஸ்ரெல்டோராவின் கடைசி வாரிசு'. படித்துப் பார்த்த நாலு பேரும் கதையைச் சரியாகச் சொல்கிறார்கள், பெயரை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். எங்கே தவறுகிறது? எண்ணூர்ப் பக்கத்து மண்வாசனை பெயரில் இருக்க வேண்டும், ஆனால் நிஜ ஊராக இருக்கக் கூடாது.

மெய்ப்பு மேசை:

தம்பி, சிக்கல் முதல் எழுத்திலேயே இருக்கிறது. தமிழில் மெய்யெழுத்து சொல்லைத் தொடங்காது. வாசகர் தம்மை அறியாமலே முன்னால் ஓர் 'இ' சேர்த்து 'இஸ்ரெல்டோரா' என்பார், இல்லையென்றால் 'ஸ்'-ஐ விழுங்கிவிடுவார். உயிர்மெய்யிலும் ட, ண, ர, ல, ழ, ள, ற, ன எட்டும் தமிழ்ச்சொல்லுக்கு முதலில் வராதவை. முதல் எழுத்தை உயிராகவோ க, ச, த, ந, ப, ம, வ வரிசையிலோ வையுங்கள். கடைசியில் வல்லின மெய் வேண்டாம்.

அடுத்தது 'ல்டோ'. நம் எழுத்தில் ஒரே ட-தான். மெல்லினத்துக்குப் பின்னும் இரண்டு உயிருக்கு நடுவிலும் மென்மையாக ஒலிக்கும், இரட்டித்தால் வன்மையாக ஒலிக்கும். லகரத்துக்குப் பின் வரும்போது எப்படி ஒலிப்பது என்று வாசகருக்குப் பழக்கமே இல்லை. நாலு பேர் நாலு விதமாகச் சொல்வது அதனால்தான்.

ஒரு பெயரை முடிவு செய்யுமுன் வேற்றுமை உருபு ஏற்றிப் பாருங்கள். நாவலில் பெயர் தனியாக வருவது குறைவு. '-இல், -இன், -க்கு, -ஐ, -இலிருந்து' என்றுதான் பக்கத்துக்குப் பக்கம் வரும். 'ம்'-இல் முடிந்தால் 'த்து' ஏறிப் பெயரின் உருவமே மாறும், மரம் மரத்தில் ஆவதுபோல. 'டு', 'று' முடிவும் அப்படித்தான்: மேடு, மேட்டில். புதிதாகக் கேட்கும் பெயருக்கு இந்த மாற்றம் சுமை. 'இ', 'ஐ' முடிவு நல்லது, 'ய்' மட்டும் நடுவே வரும், பெயர் உடையாது.

வியாசர்பாடி வாசகி:

தலைநகரத்தையும் உடனே மாற்றுங்கள் அண்ணா. சோமாரா என்று எங்கள் தெருவில் சொன்னால் 'சோமாரி' என்கிற வசைதான் காதில் விழும். அரசி பட்டமேற்கும் அத்தியாயத்தில் அது வந்தால் காட்சியே போச்சு. இதே மாதிரி 'பேமா', 'கேப்மா' என்று தொடங்கும் ஒலிகளும் வேண்டாம். சத்தமாக, வேகமாக, பேச்சுவழக்கில் சொல்லிப் பார்க்காமல் எந்தப் பெயரையும் வைக்காதீர்கள். 'ழ' இருந்தால் கூடுதல் கவனம், இங்கே வாழைப்பழமே 'வாயப்பயம்' ஆகும்.

காசிமேட்டுக் கரை:

புரிகிறது அக்கா. நெய்தல் சொற்களிலிருந்து நாலு எடுத்தேன்: ஓதலி, எக்கர், உவரி, அடும்பை. தலைப்புக்குப் 'பெயர் தின்னும் கழி'.

மெய்ப்பு மேசை:

ஓதம் என்பது கடல் ஏற்றம்தான், ஆனால் விரைவீக்க நோய்க்கும் அதே பெயர். தவிர 'ஓத' என்று தொடங்கும் ஒலி சென்னையில் ஒரே நொடியில் வசையாகத் திரிந்துவிடும். எக்கர் அழகான சொல், அலை ஒதுக்கிய மணல்மேடு. ஆனால் ஒரு நெடில் தவறினால் ஏக்கர், அட்டையில் பார்ப்பவர் நில அளவு என்று நினைப்பார். உவரி திருநெல்வேலிக் கடற்கரையில் இருக்கிற நிஜ ஊர்.

அடும்பைதான் என் தேர்வு. அடும்பு என்பது அடப்பங்கொடி, கரை மணலில் படர்ந்து ஊதாப்பூ பூக்குமே, அதே கொடி. இலை நடுவில் பிளந்து மான் குளம்பு மாதிரி இருக்கும். கோவை, புதுவை, தஞ்சை என்று 'ஐ'யில் முடியும் ஊர்ப்பெயர்கள் காதுக்குப் பழகியவை, அதனால் அடும்பை என்றதும் இடம் என்பது விளங்கிவிடும். அடும்பையில், அடும்பைக்கு, அடும்பையர் எல்லாமே வழுக்காமல் வருகின்றன. ஆனாலும் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியில் ஒருமுறை தேடிவிடுங்கள், இணையத்திலேயே இருக்கிறது.

சின்ன ஊர்களுக்கு நம் பக்கத்து ஈறுகளையே தொழில்படி பிரியுங்கள். மீனவர் இருப்பு குப்பம், சந்தை பேட்டை, தண்ணீர் ஏறாத இடம் மேடு, பழைய கடற்கரை ஊர் பாக்கம் (கத்திவாக்கம் மாதிரி சில இடங்களில் அது வாக்கம்). ஜ, ஸ, ஹ எழுத்துகளை வெளியிலிருந்து வரும் வணிகருக்கு மட்டும் ஒதுக்குங்கள். விளக்கம் எழுதாமலே யார் எந்த இனம் என்று தெரியும்.

வியாசர்பாடி வாசகி:

தலைப்பில் 'கழி' வேண்டாம். உப்பங்கழி என்று யோசிப்பவர் குறைவு, குச்சி என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். 'பெயர் தின்னும் அலை' என்று வையுங்கள். 'கடைசி வாரிசு' எந்தக் கதைக்கும் பொருந்தும், இது உங்கள் கதைக்கு மட்டும்தான் பொருந்தும். உலகத்தின் பெயரைத் தலைப்பில் திணிக்காமல் கீழே சின்ன எழுத்தில் 'அடும்பை வரிசை 1' என்று போடுங்கள். படிக்காதவருக்கு அந்தப் பெயர் ஒன்றும் சொல்லாது, முதல் பாகம் படித்தவருக்கு அது போதும்.

காசிமேட்டுக் கரை:

இரண்டுமே எடுத்துக்கொள்கிறேன். கோப்பில் பழைய பெயரை மொத்தமாக மாற்றலாமா? இதே தலைப்பில் வேறு புத்தகம் இருந்தால் வழக்கு வருமா?

அச்சுக்கோப்பு ஒற்றியூர்:

ஒரே தட்டில் மாற்றினால் கெடும். முதலில் 'ஸ்ரெல்டோராவுக்கு' என்பதை 'அடும்பைக்கு' ஆக்குங்கள். பிறகு 'ஸ்ரெல்டோராவ' என்பதை 'அடும்பைய' ஆக்குங்கள், பின்னால் வரும் குறிகள் தானாக ஒட்டி '-யில், -யின், -யை, -யும்' சரியாகிவிடும். எஞ்சியதைக் கடைசியில். 'டோ'வின் துணைக்குறியைச் சிலர் ஒரே குறியாகவும், சிலர் கொம்பு தனி கால் தனியாகவும் தட்டியிருப்பார்கள். கண்ணுக்கு ஒன்றுதான், தேடலில் சிக்காது. அதனால் 'ஸ்ரெல்' என்று மட்டும் தேடி மிச்சத்தைப் பிடியுங்கள். இப்போது பெயர் உயிரெழுத்தில் தொடங்குவதால் 'ஒரு ஸ்ரெல்டோரா நாணயம்' இருந்த இடம் 'ஓர் அடும்பை நாணயம்' ஆக வேண்டும். 'அடும்பைக் கரை' என்று ஒற்றும் மிகும். இவற்றைக் கண்ணால்தான் பார்க்க முடியும்.

அட்டையில் கவனம். 'பெயர்', 'அலை', 'அடும்பை' மூன்றிலும் கொம்பு உண்டு. பக்கம் வடிவமைக்கும் இன்டிசைன் மென்பொருளில் வேர்ல்ட் ரெடி கம்போசர் என்கிற அமைப்பைப் போடாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்காரும். 70 ஜிஎஸ்எம் (தாளின் எடை அளவு) தாளில் 300 பக்கத்துக்குப் புத்தகத்தின் முதுகு ஏறக்குறைய ஒன்றரை செ.மீ. தலைப்பை நீளவாக்கில் ஒரே வரியாக ஓடவிடுங்கள்.

சட்டம்: தலைப்பு மட்டும் தனிப் படைப்பு ஆகாது, அதற்குப் பதிப்புரிமை இல்லை என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் அதே தலைப்பு இருந்தால் தேடுபவருக்கு அந்தப் புத்தகம்தான் கிடைக்கும், உங்களுக்குத்தான் நஷ்டம். கன்னிமாரா நூலகப் பட்டியலிலும் இணையக் கடைகளிலும் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் தேடுங்கள். வரிசைப் பெயரை வணிகக்குறியாகப் பதிய விரும்பினால் அச்சு நூலுக்கு 16-ஆம் வகுப்பு, தனிநபர் இணையத்தில் போட்டால் 4,500 ரூபாய். ஐஎஸ்பிஎன், அதாவது நூலின் அடையாள எண், நம் நாட்டில் இலவசம்தான். ஆனால் எண் வாங்கி நூல் வெளிவந்தபின் தலைப்பை மாற்றினால் புது எண் வாங்க வேண்டும், அதனால் மெய்ப்பு முடிந்து தலைப்பு உறுதியான பிறகே விண்ணப்பியுங்கள்.