சந்து வழக்கு: சாட்சியை நேரில் பார்க்காத நீதிபதி தீர்ப்பை மாற்றலாமா?

பழைய வண்ணாரப்பேட்டைக்காரன்:
எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே குறுகலான ஒரு சந்து. லாரித் தண்ணீர் வந்தால் குடத்தோடு அதில்தான் நடப்போம். அது பொது வழி என்று கீழ்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தெருவில் பிறந்து வளர்ந்த பாட்டி ஒருவர் எங்களுக்காகச் சாட்சி சொன்னார். குறுக்கு விசாரணையில் எவ்வளவு துருவியும் அசையவில்லை. மேல்முறையீட்டிலோ எதிராளியின் பத்திரத்தை வைத்து, பாட்டியின் சாட்சியத்தை ஒரே வரியில் தள்ளிவிட்டார்கள். அவர் கூண்டில் நின்று பேசியதைப் பார்க்காதவர் மாற்றுவது என்ன நியாயம்?

ராயபுரம் வக்கீல்:
சார், உரிமையியல் நடைமுறைச் சட்டம் 96-ஆவது பிரிவில் வரும் முதல் மேல்முறையீட்டில் சட்டம், சாட்சியம் இரண்டையும் மறுபடி அலசலாம். கீழ்நீதிபதி நம்பியதே முடிவு என்றால் தோற்றவர் எதற்கு மேலே போக வேண்டும்? பத்திரத்தில் நான்கு எல்லையும் எழுதியிருக்கும். அதை விட்டு ஒருவர் ஞாபகத்தையா நம்புவது?

பழைய வண்ணாரப்பேட்டைக்காரன்:
பத்திரத்தில் 'கிழக்கே சந்து' என்று மட்டும்தான் இருக்கிறது. யாருடைய சந்து என்று இல்லை. அதற்குத்தானே பாட்டியைக் கூப்பிட்டோம்!

கொருக்குப்பேட்டை அக்கா:
மாற்றலாம் தம்பி, ஆனால் காரணம் சொல்ல வேண்டும். அதே சட்டத்தின் கட்டளை 41, விதி 31 அதைத்தான் கேட்கிறது. 2001-இல் சந்தோஷ் ஹசாரி வழக்கில் உச்ச நீதிமன்றமும் தெளிவாகச் சொன்னது: மாற்றும்போது கீழ்நீதிமன்றத்தின் காரணங்களை நேராக எடுத்து, ஏன் ஏற்கவில்லை என்று எழுத வேண்டும். வாய்மொழிச் சாட்சியம் முரண்படும் இடத்தில் சாட்சியை நேரில் பார்த்த நீதிபதியின் மதிப்பீட்டுக்குத் தனி எடை உண்டு. ஒரு வரி போதாது.

ராயபுரம் வக்கீல்:
காரணம் வேண்டும், சரி. பார்க்காதவர் மாற்றவே கூடாது என்பதைத்தான் நான் ஏற்கவில்லை. அடுத்தது 100-ஆவது பிரிவில் இரண்டாம் மேல்முறையீடு. 1976 திருத்தத்துக்குப் பிறகு முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால்தான் உயர் நீதிமன்றம் எடுக்கும். 'பாட்டியை நம்பவில்லை' என்று போனால் நிற்காது. 'முக்கியச் சாட்சியத்தைப் பரிசீலிக்கவே இல்லை' என்று போங்கள். கெடு 90 நாள். தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு ஆகும் நாட்கள் அதில் சேராது. அப்புறம், எதிராளி சந்தில் சுவர் எழுப்பாமலிருக்க இடைக்காலத் தடை மனுவும் சேர்த்துப் போடுங்கள். அப்பீல் போட்டதாலேயே தடை வந்துவிடாது.

பழைய வண்ணாரப்பேட்டைக்காரன்:
நகலுக்கு மனு போட்டாச்சு சார். எதிராளி வாசலில் செங்கல் இறங்கிவிட்டது. தடை மனுவைத்தான் முதலில் பார்க்கணும்.