சாமியார்பேட்டைக்குத் தெற்கே மணல்மேட்டில் 2 ராத்திரி: தண்ணீர் எவ்வளவு சுமக்கணும்?

கெடிலக்கரை:
பிப்ரவரி கடைசி வாரம், வெள்ளி சாயங்காலம் போய் ஞாயிறு மதியம் திரும்புற திட்டம். கடலூர்லேர்ந்து நாலு பேர். சாமியார்பேட்டையில வண்டியை விட்டுட்டு, பரங்கிப்பேட்டை பக்கமா 3 கிலோமீட்டர் நடந்து மணல்மேட்டுக்குப் பின்னாடி கூடாரம் போடலாம்னு இருக்கோம். குடிக்கிற தண்ணிக்கு அங்க எந்த வழியும் இல்லன்னு வச்சுக்குங்க. 20 லிட்டர் கேன் ரெண்டு போதுமா? ஊற்று தோண்டினா நல்ல தண்ணி வரும்கிறாங்களே, அதை நம்பி ஒரு கேனைக் குறைக்கலாமா? கூடாரக் கயிறு கட்டுற முளை மணல்ல நிக்குமா?

உப்பங்காற்று:
முதல்ல கணக்கு. ஆளுக்கு ஒரு நாளைக்குக் குடிக்க 3.5 லிட்டர், சமையலுக்கு 1, கை வாய் கழுவ அரை. ஆக 5. நாலு பேர், ரெண்டு நாள்: 40. அதுக்கு மேல ஐந்தில் ஒரு பங்கு, 8 லிட்டர், தொடாத இருப்பு. மொத்தம் 48. இதே பயணம் மே மாசம்னா குடிக்கவே 6 லிட்டர் வேணும், அப்ப போகவே போகாதீங்க.

20 லிட்டர் கேன் வேண்டாம். காய்ந்த மணல்ல ஒரு ஆள் தூக்கிட்டு நடக்க முடியாது, சாய்ச்சா மூடி கசியும், ஒண்ணு உடைஞ்சா பாதித் தண்ணி போச்சு. கைப்பிடி வச்ச 5 லிட்டர் பாட்டில் 8, 2 லிட்டர் பாட்டில் 4. ஆளுக்கு 12 கிலோ. கூடாரம், பாத்திரம் எல்லாம் சேர்த்து ஒரே நடையில முடியாது. ரெண்டு நடை போங்க. முதல் நடையில தண்ணி மட்டும். அலை நனைச்சு இறுகின ஓரத்துல நடந்தா பாதி உழைப்புதான், அதனால வத்தம் (கடல் உள்வாங்குற நேரம்) எப்பன்னு பார்த்துக் கிளம்புங்க.

போய்ச் சேர்ந்ததும் பாட்டில்களை ரெண்டு இடத்துல, நிழல்ல, கழுத்து வரைக்கும் மணல்ல புதைங்க. ஒரு சாண் ஆழத்துல மணல் குளிர்ச்சியாவே இருக்கும். மூடி மேல ஒரு பாலிதீன் பை கட்டுங்க. மரையில மணல் ஏறிட்டா மூடி இறுகாது, பாட்டில் சாய்ஞ்சா தண்ணி கசிஞ்சிடும்.

சாப்பாட்டுலதான் நிறைய மிச்சம் பிடிக்கலாம். வெள்ளி ராத்திரிக்கு வீட்டுலேர்ந்து எண்ணெய் தடவின பொடி இட்லி. சனி மத்தியானம் பொங்கலோ கிச்சடியோ, கஞ்சி வடிக்கிற சமையலே கூடாது. ராத்திரி புழுங்கலரிசிச் சோறு கொஞ்சம் கூடுதலா ஆக்கித் தண்ணி ஊத்தி வச்சா ஞாயிறு காலைக்குப் பழைய சோறு. ஊத்தின தண்ணி முழுக்க வயித்துக்குத்தான் போகுது. கருவாடு, வடகம், ஊறுகாய் மூணையும் வீட்டுலயே விட்டுடுங்க, உப்பு தாகத்தைக் கூட்டும்.

பாத்திரத்தைக் காய்ந்த மணல் போட்டுத் தேய்ச்சு, கடல் தண்ணியில அலசி, கடைசியா ஒரு டம்ளர் நல்ல தண்ணி. ஆனா உப்புக்குப் பதிலா கடல் தண்ணி கலந்து சோறாக்குற யோசனை வேண்டாம். கடலூர் சிப்காட் ஆலைகளோட சுத்திகரிச்ச கழிவுநீர் குழாய் வழியா கடலுக்குத்தான் போகுது.

அடப்பங்கொடி:
ஊற்றை இவ்வளவு ஒதுக்க வேண்டியதில்லை. கரையோர ஊர்கள்ல காலங்காலமா தோண்டிக் குடிச்ச தண்ணிதான். வடகிழக்குப் பருவமழை டிசம்பரோட முடிஞ்சிருக்கும், பிப்ரவரியில நீர்மட்டம் மேலயே இருக்கும். மேட்டு மேல தோண்டாம ரெண்டு மேட்டுக்கு நடுவுல உள்ள பள்ளத்துல தோண்டுங்க.

பாகூர் ஏரி:
இடம் சரி, நம்பிக்கைதான் கொஞ்சம் அதிகம். மணலில் இறங்கிய மழைநீர், கீழே உள்ள உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல்நீர் சுமார் 2.5 சதவீதம் கனம் கூடியது. அதனால் கணக்குப்படி நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி இருந்தால் கீழே 40 அடி நன்னீர் நிற்கும். அதே கணக்கு தலைகீழாகவும் வேலை செய்யும்: மட்டம் கொஞ்சம் இறங்கினாலும் உப்பு வேகமாக மேலேறும். எனவே ஈரம் கண்டு நீர் ஊறத் தொடங்கியதும் அரை அடிக்கு மேல் ஆழப்படுத்தாதீர்கள். குவளையால் மெல்ல மொள்ளுங்கள். அவசரப்பட்டு இறைத்தால் முதல் வாளி இனிக்கும், நாலாவது வாளி கரிக்கும். பரங்கிப்பேட்டையை ஒட்டிய வெள்ளாற்று முகத்துவாரத்தை நெருங்க நெருங்க உப்பு கூடுதலாக இருக்கும் என்றே எதிர்பாருங்கள்.

அடி இல்லாத பிளாஸ்டிக் வாளியைக் குழிக்குள் இறக்கினால் பக்க மணல் சரியாது. இடுப்பளவுக்கு மேல் தோண்டவே வேண்டாம்; காய்ந்த மணல் சுவர் ஆளோடு சரியும்.

கிடைத்த தண்ணீரைத் துணியில் வடிகட்டி, தளதளவென ஒரு நிமிடம் கொதிக்க விடுங்கள். கிருமி சாகும், உப்பு போகாது. நீர் ஆவியாவதால் உப்பின் அடர்த்தி கூடத்தான் செய்யும். சவுக்குத் தோப்பை ஊர்க்காரர்கள் கழிப்பிடமாகப் பயன்படுத்தும் இடம் என்றால் அந்தப் பள்ளத்தையே விட்டுவிடுங்கள். மணல் வழியே கழிவு எளிதாக இறங்கிவிடும். உங்கள் கழிப்பிடக் குழியும் ஊற்றிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளி இருக்கட்டும்.

பாலிதீன் தாளை விரித்துச் சூரிய வெப்பத்தில் நீர் பிடிக்கும் வித்தை காணொளிகளில் அழகாக இருக்கும். ஒரு குழிக்கு நாளெல்லாம் காத்திருந்தாலும் பெரும்பாலும் ஒரு லிட்டர்கூடத் தேறாது. குழி தோண்டும்போது போகும் வியர்வையையும் கணக்கில் சேருங்கள்.

ஆக, ஊற்று கை கழுவ. 48 லிட்டரில் ஒன்றையும் குறைக்க வேண்டாம்.

தாழம்புதர்:
முளை நிக்காது. 5 கிலோ அரிசிப் பை எட்டு எடுத்துட்டுப் போங்க. மணல் நிரப்பி, கழுத்துல கயிறு கட்டி, கயிறு இழுக்கிற திசைக்குக் குறுக்கா 40 சென்டிமீட்டர் ஆழத்துல படுக்க வச்சு மூடி, மேல ரெண்டு குவளை கடல் தண்ணி ஊத்தி மிதிங்க. திரும்பும்போது மணலைக் கொட்டிட்டுப் பையை எடுத்துட்டு வந்துடணும்.

மேட்டு உச்சியில போடாதீங்க, காத்து பிய்ச்சிடும். கடலுக்கு எதிர்ப்பக்கச் சரிவோட அடியில, ராவணன் மீசைங்கிற முள்ளுப் புல் இல்லாத வெறும் மணலா பாருங்க. அந்த முள் கூடாரத்து அடித்துணியைப் பொத்துடும், தவிர மேட்டைப் பிடிச்சு வச்சிருக்கிறதே அதுவும் மணல்ல படர்ற அடப்பங்கொடியும்தான். பகல்ல கடல் காத்து, ராத்திரி கரைக் காத்து. வாசலை வடக்கே வச்சா ரெண்டும் நேரா உள்ள வராது. மாசிப் பனி கொட்டும், மேல் துணியோட காத்து வழியைத் திறந்தே வைங்க.

ஜனவரியிலேர்ந்து மார்ச் வரைக்கும் பங்குனி ஆமை முட்டையிடக் கரையேறுற நேரம். கடல் பக்கம் டார்ச் அடிக்கிறதும் தீ மூட்டுறதும் கூடாது. வெளிச்சம் பார்த்தா முட்டையிடாமலே திரும்பிடும். சிவப்பு விளக்கு, அதுவும் மேட்டுக்குப் பின்னாடி மட்டும். அடுப்பு கேஸ்ல, ஒரு பலகை மேல; சவுக்குச் சருகு பொறி பட்டாலே பிடிச்சுக்கும். தோப்பு வனத்துறையோடதா தனியாரோடதான்னு விசாரிச்சு அனுமதி வாங்குங்க, ஊர்ப் பஞ்சாயத்துலயும் ஒரு வார்த்தை.

கெடிலக்கரை:
நன்றி அண்ணா, எல்லாருக்கும். 48 லிட்டர், ரெண்டு நடை. ஒண்ணு மட்டும்: உப்பு அளக்கிற பேனா மாதிரி டிடிஎஸ் மீட்டர் ஒரு நண்பர்கிட்ட இருக்கு, பிரயோஜனம் உண்டா? தண்ணி குறைஞ்சா எந்தக் கட்டத்துல கிளம்பணும்?

பாகூர் ஏரி:
உண்டு தம்பி, உப்புக்கு மட்டும். இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500 லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கிறது. வேறு நீரே இல்லாத இடத்தில் 2000 வரை. கடல்நீர் சுமார் 35,000. மீட்டர் 300 காட்டினாலும் கிருமி இல்லை என்று அர்த்தமில்லை, கொதிக்க வைத்தே ஆக வேண்டும்.

கிளம்பும் கட்டம்: தொடாத இருப்பையும் சேர்த்து ஆளுக்கு 3 லிட்டருக்குக் கீழே, அதாவது மொத்தம் 12 லிட்டருக்குக் கீழே போனால், சனி ராத்திரியே ஆனாலும் மூட்டை கட்டுங்கள். ஞாயிறு காலை 7 மணிக்குப் பிறகும் அங்கேதான் இருப்போம் என்றால் அந்த எல்லை மொத்தம் 16 லிட்டர். அதுவரை தாகத்தை அடக்கித் தண்ணீரை மிச்சம் பிடிக்காதீர்கள்; வெயிலில் நடப்பதைக் குறைத்து மிச்சம் பிடியுங்கள். சிறுநீர் அடர்மஞ்சளானால் குடிப்பது போதவில்லை. ஓஆர்எஸ் பாக்கெட் நாலு இருக்கட்டும். தீர்ந்தால் ஒரு லிட்டரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. யாராவது உடம்பு கொதித்து உளற ஆரம்பித்தால் வாயில் எதையும் ஊற்றாமல், நிழலில் கிடத்தி, கடல்நீரால் உடம்பை நனைத்து விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள். அங்கே எந்த சிம்முக்குச் சிக்னல் வருகிறது என்பதை முதல் நடையிலேயே பார்த்து வையுங்கள்.